மூன்றரை மணிப் படகு

வியட்நாமில் கன் யோ கரையிலிருந்து முக்கால் மணி நேரம் படகில் போனால் ஒரு மீனவத் தீவு வரும். அதுவும் ஹோ சி மின் நகரத்தைச் சேர்ந்ததுதான் என்று சொன்னால் நகரத்தில் இருப்பவர்களே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கார் கிடையாது. ஒரு சுற்றுச் சுற்ற நடந்தால் ஒரு மணி நேரம், சைக்கிளில் இருபது நிமிடம். என்ன பார்க்கலாம் என்று கேட்டால், கடலைத் தடுக்கும் சுவர், தெருவெல்லாம் காயும் மீன், திமிங்கிலத்தைச் சாமியாகக் கும்பிடும் ஒரு கோயில், நாலைந்து காபிக் கடைகள். அவ்வளவுதான். அந்தத் தீவை நான் ஒரே நாளில் மூன்று முறை சுற்றியிருக்கிறேன். ஆசைப்பட்டு இல்லை. திரும்பும் படகு மூன்றரைக்குத்தான் என்றார்கள், அதனால்.

அப்போது நாங்கள் நகரத்தின் பூ மி ஹங் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. கணவருக்குத் தூ டுக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மென்பொருள் பிரிவில் வேலை. ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். மகள் பத்தாம் வகுப்பு. அதற்குள் மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டவள். ஒவ்வொரு முறையும் சிநேகிதிகளை விட்டுவிட்டு அழுதவள். பழைய பெயரில் சைகோன் என்றே நாங்கள் சொல்லும் அந்த நகரத்துக்கு வந்தபோது அவளுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை இந்த ஊரை விட்டு அசைய மாட்டோம் என்று. அந்த வருடத்து ஒப்பந்தக் கடிதம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

"லெட்டர் வந்துச்சா?" என்று கேட்பேன்.

"வரும்," என்பார்.

அவர் எப்போதும் அப்படித்தான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விடுவார். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் மாதம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் அவராகவே பேச்சை ஆரம்பித்தார். "சென்னை ஆஃபீஸ்லேர்ந்து ஒரு பையன் வந்திருக்கான். ரெண்டு மாச வேலை. புதுசா கல்யாணம் ஆனவன். அந்தப் பொண்ணு பாவம், ஹோட்டல் ரூம்லயே அடைஞ்சு கெடக்கு. எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்."

இப்படிச் சொன்னால் போதும் எனக்கு. நான் அந்த ஊரில் சம்பளம் இல்லாத தூதரகம் நடத்திக்கொண்டிருந்தேன். புதிதாக எந்தத் தமிழ்க் குடும்பம் வந்து இறங்கினாலும் ஒரு வாரத்துக்குள் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும். முருங்கைக்காய் எந்தச் சந்தையில் வரும், எந்த வீட்டுக்காரர் குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் அனுப்புவார், எந்தப் பள்ளியில் எந்த மாதம் விண்ணப்பம் போட வேண்டும், எல்லாம் என்னிடம் கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டாலும் கிடைக்கும். அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் பெருமைதான் அது என்று இப்போது தெரிகிறது.

அந்தப் பெண்ணுக்குக் கடல் பார்க்க வேண்டுமாம். தீவுக்குப் போகலாம் என்று சொன்னவர் என் கணவர். ஆறு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தானாக வாய் திறந்து எங்காவது போகலாம் என்று சொன்ன மனிதர் இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். எனக்கோ வாயெல்லாம் பல்.

சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய் எல்லாம் கட்டினேன். மகளுக்குக் கணக்கு டியூஷன் இருந்ததால் அவள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர், அந்த ஜோடி இரண்டு பேர். வாடகைக் கார் பின் கான் படகுத்துறையில் ஆற்றைக் கடந்து, இரண்டு பக்கமும் அலையாத்திக் காடாக இருக்கும் நீண்ட சாலையில் ஓடி, கன் யோ துறையில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து மரப்படகு. ஐஸ் பெட்டிகள், காய்கறி மூட்டைகள், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், கூடையில் கோழிகள், இவற்றுக்கு நடுவில் நாங்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சைதாப்பேட்டைப் பக்கம். மரியாதையான பெண். எதைக் கேட்டாலும் 'அக்கா' போடாமல் கேட்க மாட்டாள். கேட்டதையெல்லாம் போனில் குறித்துக்கொண்டாள். இரண்டு மாதம் இருக்கப் போகிறவளுக்கு இத்தனை அக்கறையா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தீவில் இறங்கியதும் துறைக்கு எதிரில் காபிக் கடை வைத்திருந்த அம்மாளிடம் சைக்கிள் வாடகைக்குக் கேட்டேன். அந்தப் பையனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதாம். அதனால் ஆண்கள் இரண்டு பேரும் நடந்து வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு சைக்கிள் எடுத்துக்கொண்டோம். அவள் துப்பட்டா சக்கரத்தில் மாட்டிவிடாமல் இடுப்பில் சுற்றி நானே முடிச்சுப் போட்டுவிட்டேன். கடல்சுவரை ஒட்டிய சிமெண்ட் பாதையில் மெதுவாகப் போனோம். வாசலில் வலை பின்னுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். வெயிலில் தட்டுத் தட்டாக மீன் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சுத்த சைவம். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையில் சைக்கிள் ஓட்டினாள்.

"இந்த ஊர்ல நான் எப்படிக்கா சாப்பிடப் போறேன்?"

"அதெல்லாம் கவலைப்படாதே. இவங்களே அமாவாசை, பௌர்ணமி ஆனா சைவம்தான். 'சாய்'னு போர்டு போட்டிருந்தா தைரியமா உள்ள போ. 'தோய் அன் சாய்', நான் சைவம்னு சொல்லு. மறக்காம 'கோம் நுக் மாம்'னும் சொல்லிடு. மீன் சாஸ் இல்லாம வேணும்னு அர்த்தம். இல்லேன்னா காய்கறியில கூட ஊத்திடுவாங்க."

தீவின் பின்பக்கத்தில் தூளி கட்டிப்போட்ட இன்னொரு காபிக் கடை. சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஆளுக்கு ஒரு தூளியில் உட்கார்ந்தோம். ஐஸ் போட்ட பால் காபி வந்தது. 'நுக் மாம்' என்பதை அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நான் திருத்தினேன். பிறகு பேச்சு வீட்டுக்குத் திரும்பியது. எங்கள் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. கிழக்கு பார்த்த வீடு, மாலையில் ஆற்றுக் காற்று, வேலை செய்ய வரும் வியட்நாம் அம்மாளுக்கு நான் தோசை சுடப் பழக்கிய கதை. ஊரிலிருந்து ஒரு விதையைக் கொண்டுவந்து, பால்கனித் தொட்டியில் ஆள் உயரத்துக்கு வளர்த்த கறிவேப்பிலைச் செடி. அதைச் சொல்லிவிட்டு, "பக்கத்துலயே கன்னு நிறைய முளைச்சிருக்கு. ஒண்ணு உனக்குத் தரேன்," என்றேன்.

"கன்னு எதுக்குக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். "அந்தச் செடியை நீங்க எடுத்துட்டுப் போக முடியாதே, ஃப்ளைட்ல விட மாட்டாங்கல்ல. வீட்டோட எங்ககிட்டயே விட்டுட்டுப் போங்க. நான் நல்லாப் பாத்துக்கறேன்."

எனக்கு உடனே புரியவில்லை. எங்கே எடுத்துக்கொண்டு போக, என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஜனவரியில நீங்க காலி பண்ணதும் நாங்க வந்துடலாம்னு சார் சொன்னாராம். உங்க பொண்ணை நெனச்சாத்தான் கஷ்டமா இருக்குக்கா. பரீட்சை நேரத்துல."

தூளி ஆடிக்கொண்டிருந்தது. காலை ஊன்றி அதை நிறுத்தினேன்.

"ஆமாம்மா," என்றேன். "கஷ்டம்தான்."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் வீட்டுச் செய்தியை எனக்கே இவள் சொல்லித்தான் தெரிகிறது என்று அவளுக்குக் காட்டிக்கொள்வதா? உயிர் போனாலும் செய்ய மாட்டேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரொம்பப் பெரிய மனசுக்கா. வேற யாரா இருந்தாலும் எங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டாங்க. சாரோட வேலைக்கு வர்றவங்கன்னு தெரிஞ்சும் சாதம் கட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க. எனக்கு இங்க வரவே பயமா இருந்துச்சு. வர மாட்டேன்னு இவர்கிட்ட சண்டையே போட்டேன். சார்தான் சொன்னாராம், 'ஆஃபீஸ் கே.டி. நான் குடுக்கறேன், வீட்டு கே.டி. என் ஒய்ஃப் குடுப்பா, உன் ஒய்ஃப் தானா சரின்னு சொல்லிடுவா'ன்னு. அப்படியேதான் ஆச்சு."

மென்பொருள் வேலையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் இந்த கே.டி. தெரியும். ஒருவரை வேலையை விட்டு எடுக்கும் முன்பு, அவர் இடத்துக்கு வரும் ஆளை அவர் பக்கத்திலேயே உட்கார வைப்பார்கள். தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் இவர் வெளியே போக வேண்டும். தன் குழியைத் தானே வெட்டச் சொல்கிற வழக்கம்தான். அதற்கு 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு நாகரிகமான பெயர். இரண்டு மணி நேரமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன், சிரித்த முகத்தோடு.

மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. வேறு இடமாக இருந்தால் தலைவலி என்று சொல்லி வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். தீவில் எங்கே போவது? இன்னும் நாலு மணி நேரம் அந்தப் பெண்ணோடும் அவள் புருஷனோடும் என் புருஷனோடும் அந்த மண்ணில்தான் இருந்தாக வேண்டும்.

"இன்னொரு ரவுண்டு போவோமா?" என்றேன்.

இந்த முறை நான் முன்னால் போனேன். எவ்வளவு வேகமாக மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் அவள் "அக்கா, மெதுவா" என்று கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை. கோயில் தாண்டி வளைகிற இடத்தில் ஆண்கள் இரண்டு பேரும் கடல்சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் தலையாட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை, கடற்கரை, அங்கேயும் அதே பாடம். சைக்கிள் சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நிறுத்தாமல் போய்விட்டேன்.

மத்தியானம் கோயில் மர நிழலில் பாயை விரித்து டப்பாக்களைத் திறந்தேன். நாலு தட்டிலும் நானே பரிமாறினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்நியர் முன்னால் புருஷனை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, வந்தவர்கள் வயிறு வாடக் கூடாது என்று வளர்த்துவிட்டிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க தம்பி," என்றுகூடச் சொன்னேன். எலுமிச்சைச் சாதம் பிரமாதம் என்றான் தம்பி. இவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு மோர்மிளகாய் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்து வைத்தேன். தட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கவில்லை.

சாப்பிட்டதும் அந்த ஜோடிக்குப் படம் எடுத்துக்கொள்ள ஆசை. அவர்களைச் சுவர்ப்பக்கம் விட்டுவிட்டு, "வாங்க, நடந்துட்டு வரலாம்," என்று இவரைக் கூப்பிட்டேன். அதுதான் மூன்றாவது சுற்று. உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை.

"எப்பத் தெரியும்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா லெட்டர் வரும், வரும்னு சொல்லிட்டிருந்தீங்களே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? சாமான் கட்ட ஆள் வந்தப்புறமா?"

சட்டைக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா நீ அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பியா?" என்று கேட்டார்.

"மாட்டேன்."

"அதான். அந்தப் பொண்ணு வர மாட்டேன்னா அவனும் வர மாட்டான். இடத்துக்கு ஆள் சரியா உக்காந்து, எல்லாம் ஒழுங்காப் போச்சுன்னு அவன் எழுதிக் குடுத்தாத்தான் சென்னையில எனக்கு ஒரு சீட்டு. இல்லேன்னா அதுவும் கெடையாது. நாப்பத்தெட்டு வயசுல நான் எங்க போய் இன்டர்வியூக்கு நிக்கறது?"

"அதுக்கு என்னை விட்டே என் வீட்டைக் காலி பண்ண வெச்சீங்களா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

என்னிடம் வேறு வழி இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் பொய் சொன்னார், என்னைப் பொம்மையாக்கினார், அத்தனையும் உண்மை. ஆனால் அவர் சொன்ன கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. திட்டி அழ ஒரு காரணத்தைக்கூட அந்த மனிதர் எனக்கு முழுசாக விட்டுவைக்கவில்லை.

எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மீனவர் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். காலையிலிருந்து நாங்கள் சுற்றுவதை அவர் பார்த்திருக்க வேண்டும். வழி தவறிவிட்டீர்களா, துறையில் கொண்டுபோய் விடட்டுமா என்று வியட்நாம் மொழியில் கேட்டார். இல்லை, சும்மா சுற்றிப் பார்க்கிறோம் என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பிள்ளைகிட்ட யார் சொல்றது?" என்று இவரைக் கேட்டேன்.

"நீ சொன்னாத்தான் கேப்பா," என்றார்.

மூன்றரைப் படகில் அந்தப் பெண் மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் களைத்திருந்தாள். படகு புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். கரை வரும்வரை விலக்கவில்லை.

மகளிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பன்னெண்டாவது வரைக்கும்னு சொன்னியேம்மா," என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

ஜனவரியில் காலி செய்து சென்னைக்கு வந்தோம். பரீட்சை மையத்தை மாற்ற முடியாது என்று பள்ளிக்கூடத்தில் கையை விரித்துவிட்டார்கள். மார்ச்சில் அவள் சைகோனிலேயே வந்து எழுத வேண்டும். எங்கே தங்குவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே போன் செய்தாள். "நம்ம வீடு இருக்கும்போது ஏன்க்கா யோசிக்கிறீங்க? நீங்களும் வாங்க, ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க." நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நானும் போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். என் சமையலறையில் இன்னொருத்தி காபி போட்டுத் தர, நான் சோபா ஓரத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து வாங்கிக் குடிப்பதை நினைத்தாலே வயிறு எரிந்தது. சென்னையில் புது வீட்டில் வேலை இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியாக விமானம் ஏற்றிவிட்டேன். ஆறு வருடம் வளர்ந்த ஊருக்குள் அவள் சுற்றுலா விசாவில் போனாள். டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு அந்தப் பையன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாப் பாத்துக்கறாங்கம்மா. நீ பண்ற மாதிரியே எல்லாம் பண்றாங்க. தோசைகூட அதே மாதிரிதான் இருக்கு."

"உன் பழைய ரூம்தானே குடுத்திருக்காங்க உனக்கு?"

"ஆமாம்மா. அதுல அவங்க துணி காயப்போடுவாங்க. நான் படிக்கறப்ப வந்து எடுத்துட்டுப் போவாங்க. கதவைத் தட்டிட்டுத்தான் வருவாங்க."

"தண்ணி நிறையக் குடி. வெயில் காலம்."

"குடிக்கறேன். ஃப்ரிட்ஜைத் தொறக்கணும்னா ஆன்ட்டிகிட்டக் கேட்டுட்டுத் தொறக்கறேன்." குரலைத் தாழ்த்தி, "கேக்கணுமாம்மா? கேக்காமத் தொறக்கலாமா?" என்றாள்.

அந்தக் குளிர்சாதனப் பெட்டி நான் பார்த்து வாங்கி, வீட்டோடு விட்டுவந்தது. அதன் கதவில் அவள் சின்ன வயதில் ஒட்டிய படங்களின் பசைத் தடம் இன்னும் இருக்கும்.

"கேட்டுட்டே தொறம்மா," என்றேன்.